மவுஸ் யார் கையில்?

போன ஆண்டு ஜூனில் என் அக்கா மகள் ஒரு மாதம் எங்களோடு கேளம்பாக்கத்தில் தங்கியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருந்த நாட்கள். எங்கள் பகுதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கல்லூரி இருக்கும். படூர், களவாக்கம், தாழம்பூர், வண்டலூர் சாலை என்று நீண்டுகொண்டே போகும். காலையில் கல்லூரிப் பேருந்துகள் கூட்டுரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "இதுல எந்த பஸ் சித்தி எனக்கு?" என்று கேட்பாள். பிறகு உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்து வேறொரு கல்லூரிக்குப் போய்விடுவாள்.

அந்தக் கல்லூரி 'தி சிம்ஸ் 4' விளையாட்டின் 'டிஸ்கவர் யுனிவர்சிட்டி' என்ற விரிவாக்கத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் வெளியானது. விளையாடத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: சிம்ஸில் யாரையும் சுட வேண்டாம், எந்தக் கோட்டையையும் பிடிக்க வேண்டாம். ஒரு மனிதரை உருவாக்கி, வீட்டில் குடிவைத்து, சாப்பிட வைத்து, வேலைக்கு அனுப்பி, வாழ வைக்க வேண்டும். 2000இல் வில் ரைட் வடிவமைத்து வெளிவந்த முதல் விளையாட்டிலிருந்தே இதைப் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் விளையாடிவருகிறார்கள். கல்லூரி விரிவாக்கத்தில் பிரைட்செஸ்டர், ஃபாக்ஸ்பரி என்று இரண்டு பல்கலைக்கழகங்கள். கலைக்கு ஒன்று பேர்போனது, அறிவியலுக்கு இன்னொன்று. இளைஞர் மட்டுமல்ல, முதியவரும் சேரலாம். என் அம்மாவைப் போலவே கொண்டையும் கண்ணாடியும் வைத்து ஒரு பாட்டியை உருவாக்கி, அவளை விடுதியில் சேர்த்திருந்தாள் எங்கள் பெண். என் அம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

இரவு பதினொரு மணிக்கு அந்தப் பாட்டி விடுதியை விட்டு வெளியே நடந்துபோனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சித்தி, இந்த ஹாஸ்டலுக்கு வார்டனே இல்ல, பாத்தீங்களா?"

பார்த்தேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன்.

*

நான் 2006இல் இந்தச் சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது ஓஎம்ஆரை ஆறுவழிச் சாலையாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் விடுதி அறையில் நான்கு பேர், ஒருத்தியிடம் மட்டும் லேப்டாப். அவளுடைய அண்ணன் ரிச்சி தெருவில் வாங்கிக் கொடுத்த ஒரு சிடியில் 'தி சிம்ஸ் 2: யுனிவர்சிட்டி' இருந்தது. சிம்ஸ் 2க்கு வந்த முதல் விரிவாக்கம் அது, 2005 மார்ச்சில் வெளியானது. மாலை ஆறரைக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக் கேட்டைப் பூட்டிய பிறகு, எங்கள் நால்வருக்கும் அதுதான் வெளியுலகம்.

அந்த விளையாட்டில் ஒரு பட்டப்படிப்பு எட்டு செமஸ்டர். ஒவ்வொரு செமஸ்டரும் விளையாட்டுக் கணக்கில் எழுபத்திரண்டு மணி நேரம். பதினோரு பாடப்பிரிவுகள் இருந்தன: ஓவியம், நாடகம், இலக்கியம், வரலாறு, உளவியல், பொருளாதாரம், அரசியல், கணிதம், இயற்பியல், உயிரியல், தத்துவம். பொறியியல் கிடையாது. பொறியியலைத் தவிர வேறு எதையும் வீட்டில் பேசவே முடியாத நான்கு பெண்கள் அந்தப் பட்டியலை எப்படிப் பார்த்திருப்போம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் சிம் தத்துவம் எடுத்தாள்.

விடுதி அறைக் கதவை ஒரு சிம் தனக்கென்று எடுத்துக்கொண்டால் பிறகு மற்றவர்கள் உள்ளே வர முடியாது. சாப்பாடு சமைக்க கேன்டீனில் ஆள் உண்டு. பாடத்தில் தோற்றால் முதல் முறை எச்சரிக்கையோடு அதே செமஸ்டரை மறுபடி படிக்கலாம். மறுபடியும் தோற்றால்தான் வெளியே அனுப்புவார்கள். பசி, தூக்கம், சுத்தம், பொழுதுபோக்கு, நட்பு என்று ஒவ்வொரு சிம்முக்கும் எட்டுத் தேவைகள். குறைந்தால் சிவக்கும், நிறைந்தால் பச்சையாகும். அந்த எட்டில் பயம் இல்லை. பெயர் கெட்டுப்போவது என்பதற்கும் ஒரு கோடு இல்லை.

இதையெல்லாம் ஒரு கற்பனைச் சொர்க்கத்தின் வர்ணனையாக மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அங்கே நான் செய்த காரியத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

விளையாட்டின் அமைப்புகளில் 'ஃப்ரீ வில்' என்று ஒரு பொத்தான் உண்டு. சுயவிருப்பம். அது இயங்கினால் சிம் தானாகவே சில காரியங்களைச் செய்யும். டிவி பார்க்கும், யாரோடாவது அரட்டையடிக்கும், தேர்வுக்கு முந்தின நாள் நடனமாடும். அதை அணைத்துவிட்டால் நாம் சொல்வதை மட்டும் செய்யும். சொல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். என் சிம் இரண்டாவது செமஸ்டரில் மதிப்பெண் குறைந்ததும் நான் சுயவிருப்பத்தை அணைத்தேன். அதன் பிறகு அவள் படித்தாள், கட்டுரை எழுதினாள், குளித்தாள், தூங்கினாள். கழிவறைக்குப் போவதற்குக்கூட என் உத்தரவு வேண்டும். நல்ல மதிப்பெண்ணோடு பட்டமும் வாங்கினாள். பட்டமளிப்பு அங்கியில் அவள் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. நான் அவளை நேசித்தேன். அவள் நன்றாக வர வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன்.

வார்டனே இல்லாத ஒரு கல்லூரியை எனக்குக் கொடுத்தார்கள். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

*

ஒருவரின் நன்மைக்காகவே அவரை நாம் கட்டுப்படுத்தலாமா? இந்தக் கேள்வியைத் தத்துவம் வெகுகாலமாகக் கேட்டுவருகிறது. 1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் 'கூடாது' என்று பதில் சொன்னார். பிறருக்குக் கேடு வராத வரை, ஒருவரின் சொந்த நன்மையைக் காரணம் காட்டி அவரைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். இதற்கு அவர் வைத்த விதிவிலக்குகளையும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்றார். 'பின்தங்கிய' சமூகங்களுக்கும் பொருந்தாது என்றார். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். நாமெல்லாம் அந்த விதிவிலக்குக்குள் அடங்கியவர்கள்.

ஆகவே சண்டை 'சுதந்திரம் நல்லதா' என்பதைப் பற்றியதல்ல. அதை யாரும் மறுப்பதில்லை. யாரைக் குழந்தையாக எண்ணுவது என்பதில்தான் சண்டை. தமிழ்நாட்டில் 2014இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயர், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். பதிவு, கண்காணிப்பு, பாதுகாப்பு என்று அதில் தேவையானவை பல உண்டு. ஆனாலும் அந்தப் பெயரை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வங்கியில் வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண்ணும் ஆறு வயதுக் குழந்தையும் ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். 2022இல் கேரளத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரைக் கெடுவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனபோது, அங்குள்ள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் மூளை முழு முதிர்ச்சி அடைவது இருபத்தைந்து வயதில்தான் என்று வாதாடியது. பதினெட்டில் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கலாம். இருபத்து நான்கில் பிரசவம் பார்க்கலாம். டீக்கடைக்குப் போக மட்டும் மூளை முதிர வேண்டும்.

நம் காலத்துத் தத்துவவாதி பிலிப் பெட்டிட் இன்னொரு விதமாக இதைச் சொல்கிறார். ஓர் அடிமைக்கு நல்ல எஜமான் வாய்க்கிறான். அடிப்பதில்லை, எதையும் தடுப்பதில்லை. அந்த அடிமை சுதந்திரமானவனா? இல்லை என்கிறார் பெட்டிட். எஜமான் இன்று தடுக்கவில்லை, ஆனால் நாளை நினைத்தால் தடுக்கலாம். அந்த நினைப்பின் கீழ் வாழ்வதே அடிமைத்தனம். எஜமானின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கப் பழகிவிடுவோம்.

சிம்ஸில் சுயவிருப்பம் என்பது ஒரு பொத்தான் என்று எழுதினேன் அல்லவா? அது இயங்கும்போதும் சிம் சுதந்திரமாக இல்லை. அவள் ஆட ஆரம்பித்தால் நான் ஒரு கிளிக்கில் ரத்து செய்யலாம். செய்யவில்லை என்றால் அது என் பெருந்தன்மை. "எங்க வீட்ல ரொம்ப ஃப்ரீ, எங்கப்பா எதுவும் சொல்ல மாட்டார்" என்று கல்லூரியில் சொல்லித் திரிந்த தோழிகளை இப்போது நினைத்துக்கொள்கிறேன். நானும் அப்படிச் சொன்னவள்தான். நாங்கள் சொன்னது, எங்கள் பொத்தான் இன்னும் இயங்குகிறது என்பதை மட்டுமே.

*

எங்கள் அறையில் இருந்த நால்வரில் ஒருத்தி எட்டு செமஸ்டரை முடிக்கவில்லை.

திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்க்காரி. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இரண்டாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, புத்தகம் வாங்கப் போவதாக நோட்டில் எழுதிவிட்டு வெளியே போனாள். புத்தகம் வாங்கத்தான் போனாள் என்று இங்கே எழுதிவிட எனக்கு ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வரும். அவள் கோவளத்துக்குப் போயிருந்தாள். தனியாக. உப்பளங்களைத் தாண்டிப் போகும் அந்தச் சாலையில் 515ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, கடலைப் பார்த்துவிட்டு, அதே நம்பர் பஸ்ஸில் திரும்பினாள். பஸ் வரத் தாமதமானது. விடுதி வாசலுக்கு வரும்போது ஆறு ஐம்பத்தைந்து. இருபத்தைந்து நிமிஷம்.

அட்டெண்டன்ஸ் எடுத்தபோது வார்டன் என்னைக் கேட்டார். "உன் ரூம்மேட் எங்கேம்மா?" எனக்குத் தெரியும். "தெரியாது மேடம்" என்றேன். தெரியும் என்று சொன்னால் நானும் சேர்ந்து மாட்டிக்கொள்வேன் என்ற பயம். அவள் வந்ததும் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். கையில் புத்தகம் இல்லை. செருப்பில் மணல் இருந்தது. யாரோடு போனாய் என்று கேட்டார்கள். யாரோடும் இல்லை என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒரு பெண் சும்மா, தனியாக, கடலைப் பார்க்கப் போயிருப்பாள் என்பது அந்த அறையில் இருந்த எவருக்கும் நம்பும்படியாக இல்லை. ஒரு பையனோடு போனாள் என்று அவள் பொய் சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார்கள்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். மூன்று மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தது.

அவரை வில்லனாக எழுத என்னால் முடியாது. நிலத்தை அடகு வைத்துப் பெண்ணை அனுப்பியவர். ஊரில் ஒரு சொல் கிளம்பிவிட்டால் இவளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தங்கைகளையும் யாரும் படிக்க அனுப்பச் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். வார்டனும் அப்படித்தான். நாளை ஏதாவது நடந்தால் தன் வேலைதான் போகும் என்பது அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் அவள்மேல் அக்கறை இருந்தது. நான் என் சிம்மிடம் வைத்திருந்த அதே அக்கறை. ஒரு வித்தியாசம்: என் சிம் தோற்றால் அந்த செமஸ்டரை மறுபடி படிக்க இடம் இருந்தது.

இதை எழுதலாமா என்று அவளிடம் போனில் கேட்டேன். இப்போது அஞ்சல் வழியில் கணிதப் பட்டம் வாங்கி ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். "எழுது. ஆனா பஸ் லேட்டுன்னு எழுதி என்னைக் காப்பாத்தாத. நான் போனது தப்பில்லைன்னு எழுது" என்றாள்.

அவள் சொன்னதுதான் விஷயத்தின் மையம். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல் இதைத்தான் வாதிட்டது. பெண்கள் பொது இடத்தில் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது: வேலை, படிப்பு, கோயில், கடை. காரணமே இல்லாமல் சும்மா நிற்கும் உரிமை வந்தால்தான் அந்த இடம் நம்முடையது. நமக்குத் தேவை பாதுகாப்பு மட்டுமல்ல, ஆபத்தைத் தெரிந்தே ஏற்கும் உரிமையும்தான் என்றார்கள். சிம்ஸில் அந்தப் பாட்டி இரவில் நடந்துபோனதில் எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. அவள் எங்கும் போகவில்லை. சும்மா நடந்தாள்.

*

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். விளையாட்டு ஒரு விளையாட்டு. அந்த ஊரில் இருட்டில் பின்தொடர்பவன் கிடையாது. கையைப் பிடித்து இழுப்பவன் கிடையாது. சாதி கிடையாது. ஆபத்தை அழித்துவிட்டுச் சுதந்திரத்தைக் காட்டுவது யாருக்கும் எளிது. நிஜ ஊரில் பெண்ணை வெளியே விட்டுவிட்டு நீ எப்படித் தூங்குவாய்?

தூக்கம் வராது என்பது உண்மைதான். ஆனால் பூட்டு எதைத் தடுத்தது என்று பார்ப்போம். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு உள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். செய்தவன் வெளியாள். 2025 ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு முப்பது ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. அந்த மாணவி புகார் கொடுத்த பிறகு என்ன நடந்தது? அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதற்காக இருபத்தைந்து லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுவர் இருந்தது, கேட் இருந்தது. அவன் உள்ளே வந்தான். அவர் பெயர் வெளியே போனது.

அக்கறைக்கு இரண்டு வழிகள் உண்டு. தெருவிளக்கு போடுவது, கடைசி பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவது, புகார் கொடுத்தவளின் பெயரைக் காப்பது, தப்பு செய்தவனைப் பிடிப்பது ஒரு வழி. இவை ஊரை மாற்றும். பெண்ணை ஆறரைக்கு உள்ளே வைத்துப் பூட்டுவது இன்னொரு வழி. இது பெண்ணை மாற்றும். முதல் வழிக்குப் பணமும் உழைப்பும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு பூட்டு போதும். நாம் இரண்டாவதையே பாதுகாப்பு என்று அழைக்கப் பழகிவிட்டோம்.

சட்டமும் இதை அறியாமல் இல்லை. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டுக்கென வகுத்து 2016இல் அறிவித்த ஒழுங்குமுறை, மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை விடுதியில் அவர்கள்மீது போடக் கூடாது என்கிறது. 2015இல் தில்லியில் மாணவிகள் 'பிஞ்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று இயக்கமாகத் திரண்டார்கள். 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. நிர்வாகத்தின் ஒழுக்கப் பார்வையை விடுதி மாணவிகள்மீது திணிக்க முடியாது என்றது ஒன்று. மாலையில் செல்போனை ஒப்படைக்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்றது இன்னொன்று. 2022 கோழிக்கோடு வழக்கின் முடிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நேரம் என்று அரசாணை வந்தது. அது ஒரு வெற்றிதான். ஆனாலும் இருவரையும் ஒரே நேரத்தில் பூட்டுவது சமத்துவம் ஆகலாம், சுதந்திரம் ஆகாது.

*

விடுதியை வெறும் சிறை என்று சொல்லிவிட்டுப் போவதும் நன்றிகெட்ட பேச்சு. சென்னையில் பெண்கள் விடுதியின் கதை விடுதலையின் கதையாகவே தொடங்கியது. குழந்தை விதவையான சகோதரி சுப்பலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற சிறுமிகளுக்காக 1912இல் ஓர் இல்லம் தொடங்கினார். பின்னாளில் அது கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்கு மாறியது. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகள் அங்கே கடலுக்கு எதிரே உட்கார்ந்து பாடம் படித்தார்கள். 1914இல் அதே கடற்கரைச் சாலையில் ராணி மேரி கல்லூரி வந்தது. வீடு கொடுக்காததை விடுதி கொடுத்தது. எனக்கும் அது கொடுத்தது. அறைத்தோழிகளைக் கொடுத்தது, சமைக்காமல் சாப்பிடும் நான்கு வருஷங்களைக் கொடுத்தது. அந்தச் சிறுமிகளை வெளியே கொண்டுவந்த சுவர், நூறு வருஷம் கழித்து என் தோழியை உள்ளே வைக்கும் சுவராக எப்போது மாறியது என்பதே என் கேள்வி.

அதே சென்னையில் 1905இல் வெளியான ஒரு கதை உண்டு. வங்காளத்தின் ரொக்கையா சகாவத் உசேன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', கமலா சத்தியநாதன் இங்கிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வந்தது. பெண்கள் நாடு ஒன்றைக் கனவில் காண்கிறாள் சுல்தானா. அங்கே பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து நீரை இறக்குகிறது. மற்றது சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். தெருவில் நடக்கக் கூச்சப்படும் சுல்தானாவைப் பார்த்து, ஆம்பளை மாதிரி வெட்கப்படுகிறாளே என்று அங்குள்ள பெண்கள் சிரிக்கிறார்கள். ஆபத்து ஆண்களிடமிருந்து வருகிறது என்றால் அவர்களை அல்லவா பூட்ட வேண்டும் என்பது ரொக்கையாவின் கிண்டல்.

சிம்ஸும் சுல்தானாவின் கனவும் ஒரு காரியத்தைச் செய்கின்றன. நாம் இயற்கை என்று நினைத்திருக்கும் ஒரு கேட்டைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, இப்போது என்ன குறைகிறது என்று கேட்கின்றன. எதுவும் குறையவில்லை. மாணவிகள் வகுப்புக்குப் போகிறார்கள், தோற்கிறார்கள், தேர்கிறார்கள். ஆனால் விளையாட்டு கதை செய்யாத இன்னொன்றையும் செய்கிறது. மவுஸை நம் கையில் கொடுக்கிறது. கனவைப் படிப்பவள் தன்னைச் சுல்தானாவாக நினைத்துக்கொள்ளலாம். விளையாடுபவள் தான் எந்த மாதிரி வார்டன் என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

*

எங்கள் பெண்ணுக்கு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு கல்லூரி கிடைத்தது. விடுதியில் சேர்ந்தாள். விண்ணப்பத்தில் 'லோக்கல் கார்டியன்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இப்போதெல்லாம் நோட்டுப் புத்தகம் இல்லை. அவள் வெளியே போக வேண்டுமென்றால் ஒரு செயலியில் பதிவு செய்வாள். என் போனுக்குச் செய்தி வரும். அடியில் இரண்டு பொத்தான்கள்: அனுமதி, மறுப்பு.

முதல் முறை செய்தி வந்தபோது உடனே அவளைக் கூப்பிட்டேன். எங்கே போறே, யாரோட, எப்படித் திரும்பி வருவே என்று வரிசையாகக் கேட்டேன். இத்தனையும் படித்தவள், எழுதுபவள் நான். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "சித்தி, நீங்க பெர்மிஷன் குடுக்கறீங்களா, இல்ல பயப்படறீங்களா? பயந்தா சொல்லுங்க, அங்க போனதும் போன் பண்றேன். அது வேற" என்றாள்.

அது வேறுதான். பயம் என்னுடையது. அதை நான் சொல்லலாம், அவள் கேட்டு இரக்கப்படலாம், போன் பண்ணலாம். இரண்டு பெரிய மனுஷிகள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது அது. அனுமதி அப்படியல்ல. அதில் ஒருத்தி மட்டும்தான் பெரியவள்.

ஆகஸ்டில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அவள் வெளியே போவதை அவளே பதிவு செய்துகொள்ளட்டும், அனுமதி கேட்கும் இடத்திலிருந்து என் எண்ணை எடுத்துவிடுங்கள் என்று விடுதிக்கு எழுதினேன். அவளைப் போன்ற மற்ற மாணவிகளின் பெற்றோர் மூவரிடம் பேசி அவர்களையும் எழுதச் சொன்னேன். ஒருவர் எழுதினார். இருவர், "உங்களுக்கென்ன, நீங்க பக்கத்துலயே இருக்கீங்க" என்றார்கள். விடுதியிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது: விதிப்படி ஒரு பாதுகாவலர் எண் கட்டாயம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் மறுபடி செய்தி வந்தது. இடம் என்ற கட்டத்தில் 'கோவளம்' என்று இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் தமிழிலேயே எழுதியிருந்தாள்: 'சும்மா'.

என் தோழியின் கதை அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

அனுமதி என்ற பொத்தானை அழுத்தினேன். கூப்பிடவில்லை. மாலை முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குமேல் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது, ஈர மணலில் அவள் செருப்புகள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பெருமையாக இல்லை. பொத்தான் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் நல்லவளாக இருக்கும் வரை அவள் கடலைப் பார்க்கலாம் என்பதுதான் இன்றைய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லி இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன். இந்த முறை முதல் கையெழுத்து அவளுடையது.